அண்ணாவியார் வீட்டில் மூன்று நாள்: கலைஞர் ஒருவரின் அன்றாடத்தைப் பதிவு செய்யும் முறை

மட்டக்களப்புக் கூத்துக் கலைஞர்களைப் பற்றி நினைவுமலர்களிலும் சஞ்சிகைகளிலும் வரும் கட்டுரைகளில் பெரும்பாலானவை ஒரே அச்சில் வார்த்தவை போல இருக்கும். பிறந்த ஊர், பழக்கிய குருவின் பெயர், ஏற்ற பாத்திரங்கள், கிடைத்த பட்டங்கள், பொன்னாடையோடு ஒரு படம் என்று அவை முடிந்துவிடும். அந்த மனிதர் விடியலில் எழும்பியதும் முதலில் எதைத் தொடுகிறார், மத்தளத்தை வீட்டின் எந்த மூலையில் வைத்திருக்கிறார், விடிய விடிய நிற்க வேண்டிய இரவில் எதைச் சாப்பிட்டுவிட்டுக் கூத்தாடும் களமான களரிக்குப் போகிறார் என்பவை அவற்றில் இருப்பதில்லை. பட்டங்களின் விவரத்தை அவர் காலமான பிறகும் சுவரில் தொங்கும் சான்றிதழ்களைப் பார்த்து எழுதிக்கொள்ளலாம். அன்றாடத்தையோ அவர் இருக்கும்போதே, அவர் வீட்டில் இருந்து பார்த்து எழுதினால்தான் உண்டு.

பாடசாலை ஒப்படைக்காகவோ, பல்கலைக்கழக ஆய்வுக்காகவோ, சொந்தக் குடும்பத்தின் நினைவுக்காகவோ ஒரு கலைஞரின் அன்றாடத்தை எழுத விரும்புபவர்களுக்காக இதை எழுதுகிறேன். மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில், கிராமமொன்றில் வடமோடி மரபுக் கூத்தைப் பழக்கும் ஆசானான அண்ணாவியார் ஒருவரைப் பற்றி எழுத முயன்றபோது நான் செய்த பிழைகளும், அவற்றைத் திருத்திக்கொண்ட விதமுமே இதன் அடிப்படை. அவருடைய விருப்பப்படி பெயரையும் ஊரையும் விட்டுவிடுகிறேன். மருதமுனையில் தறியில் இருக்கும் நெசவாளரைப் பற்றியோ, கண்ணகி அம்மன் கோயிலில் உடுக்கடித்துக் காவியம் பாடுபவரைப் பற்றியோ எழுத இருப்பவருக்கும் சிறு மாற்றங்களோடு இதே முறை பொருந்தும்.

எந்த நாளில் போவது

நான் முதல் தடவை போனது மாசி மாதம், பெரும்போக வேளாண்மை வெட்டு நடந்துகொண்டிருந்த நேரம். காலை பத்து மணிக்கு இருபத்திரண்டு கேள்விகள் எழுதிய கொப்பியோடு கடப்பைத் தாண்டி வளவுக்குள் நுழைந்தேன். நான் வருவது தெரிந்ததால் அவர் வயலிலிருந்து நேரத்தோடு வந்து, குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். "கூத்து எமது முன்னோர் எமக்கு விட்டுச்சென்ற சொத்து" என்று தொடங்கி, பாடசாலைப் பரிசளிப்பு விழாவில் பேசுவதைப் போல முக்கால் மணி நேரம் பேசினார். அதில் ஒரு வரியும் பிழையில்லை; அவருடையது என்று சொல்லக்கூடிய வரியும் ஒன்றுமில்லை. வேலை அவசரத்தில் இருந்த மனிதரை மேடையில் ஏற்றிவிட்டது என் குற்றம்.

ஆகவே முதலில் அவருடைய ஆண்டு எப்படி ஓடுகிறது என்பதை விசாரித்துக்கொள்ளுங்கள். வயலை நம்பி வாழும் அண்ணாவியாருக்கு ஒரே ஓர் அன்றாடம் கிடையாது. விதைப்புக் காலத்துக்கு ஒன்று, வெட்டுக் காலத்துக்கு ஒன்று, வெட்டு முடிந்து ஊர் ஓய்ந்தபின் கூத்துப் பழக்கும் காலத்துக்கு ஒன்று என்று அது மாறிக்கொண்டே இருக்கும். கூத்துக் காலத்துக்குள்ளும் சட்டம் கொடுக்கும் (ஆடுபவர்களுக்குப் பாத்திரங்களின் பாட்டுகளைப் பகிர்ந்து கொடுக்கும்) நாட்கள் வேறு, சதங்கை அணிந்தபின் வாராந்த ஒத்திகையான கிழமைக்கூத்து நடக்கும் நாட்கள் வேறு, அடுக்குப் பார்த்து (முழுக் கூத்தையும் ஒத்திகை பார்த்து) அரங்கேற்றத்துக்கு ஆயத்தமாகும் வாரம் வேறு. சட்டம் கொடுக்கும் காலத்தில் பகலில் வயலுக்குப் போகிறவர், அரங்கேற்ற வாரத்தில் பகலில் நித்திரை கொள்கிறார். இவற்றுள் இரண்டு காலங்களையாவது பார்க்காமல் "அண்ணாவியார் தினமும் நாலரை மணிக்கு எழும்புவார்" என்று எழுதினால் அது அரைப் பொய்யாகிவிடும்.

வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்குக் காலத்தில் போகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கோயில் கதவு திறந்து, நிறைவுச் சடங்கான குளிர்த்தி முடியும்வரை பல வீடுகளில் மச்சம் (மீன், இறைச்சி) ஏறாது. அந்த வாரத்தில் மட்டும் போய்விட்டு வந்து, வாவி மீனில் வளர்ந்த மனிதரை மரக்கறிக்காரர் என்று எழுதிவிடக் கூடாது.

வாவியின் கிழக்குக் கரையான எழுவான்கரையிலிருந்து போகிறவர்கள் முதல்நாள் மாலையே போய், தெரிந்தவர் வீட்டில் தங்கிக்கொள்வது நல்லது. மண்முனைப் பாலம் 2014 இல் திறக்கப்பட்டபின், வாவியைக் கடக்கும் மிதவையான 'பாதை'க்காகத் துறையில் காத்து நின்ற காலம் அவ்விடத்தில் முடிந்துவிட்டது உண்மைதான். என்றாலும் காலை பஸ் பிடித்து எட்டு மணிக்குப் போய்ச் சேருகிறவருக்கு, விடியலில் தொடங்கும் நாளின் பாதி கைதவறிவிடும். போகும்போது வெற்றிலையும் பாக்கும் கொண்டுபோங்கள். அண்ணாவியாரைக் கூத்துப் பழக்க அழைப்பதற்கும் வெற்றிலைதான் வைக்கிறார்கள்; நீங்கள் கேட்கப்போவதும் அவருடைய நேரத்தைத்தான். கேள்விக் கொப்பியை முதல்நாள் பையிலிருந்து எடுக்கவே வேண்டாம்.

வீட்டை வாசிப்பது

கிழக்கு மாகாணத்தில் வீடும் வளவும் பெரும்பாலும் பெண் வழியில் வருபவை. மகளுக்கு வீடு கொடுத்துக் கலியாணம் முடிப்பதும், மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பதும் இங்குள்ள வழக்கம். ஆகவே அண்ணாவியாரின் வீடு என்று நாம் எழுதுவது உண்மையில் அவருடைய மனைவியின் சீதன வீடாக இருக்கலாம். எந்த அறை எந்த ஆண்டில் கட்டியது, கிணறு யார் வெட்டுவித்தது, மாமரம் யார் வைத்தது என்பவற்றை அந்த அம்மாவிடம் கேளுங்கள். அவர் பிறந்து வளர்ந்த வளவு அது. நான் கணவரிடம் கேட்டுப் பிழையாக எழுதிய மூன்று விவரங்களை, குசினிக்குள் இருந்தபடியே குரல் கொடுத்துத் திருத்தியவர் அவர்தான்.

வளவின் வரைபடம் ஒன்றைக் கொப்பியில் கீறிக்கொள்ளுங்கள். திசைகளைக் குறியுங்கள். மால் (கூடம்), அறை, குசினி, கிணறு, மாட்டுக்கொட்டில், கூத்துப் பழகும் வெளி ஆகியவற்றை அடையாளமிட்டு, ஒவ்வொரு பொருளும் எங்கே இருக்கிறது என்பதை எழுதுங்கள். அழகுக்காகச் சொல்லவில்லை. எனக்கு மிகப் பெறுமதியான தகவல் ஒன்று இந்த வரைபடத்திலிருந்துதான் கிடைத்தது. மாசியில் போனபோது மால் சுவரில் ஆணியில் தொங்கிய மத்தளம், கார்த்திகையில் போனபோது அங்கே இருக்கவில்லை. முந்தைய வரைபடத்தைப் பார்த்துவிட்டு, மத்தளம் எங்கே என்று கேட்டேன். அடை மழைக் காலத்தில் தோல் ஈரத்தை இழுத்துச் சுருதி இறங்கிவிடும் என்பதால், அடுப்புச் சூடு பட்டும் படாமலும் இருக்கும்படி அதைக் குசினிக்கு அடுத்த சுவருக்கு மாற்றிவிடுவார்களாம். மாற்றுவது அவரில்லை, அம்மா. எப்போது மாற்ற வேண்டும் என்பதை அவர் எப்படி அறிகிறார் என்று கேட்டபோது, "உப்புச் சிரட்டைக்குள்ள தண்ணி விட்டா மத்தளத்தக் கழட்டிருவன்" என்றார். எத்தனை கேள்விகளை எழுதிக்கொண்டு போயிருந்தாலும் இந்த விடைக்கான கேள்வி என் கொப்பியில் இருந்திருக்காது.

கேட்கும் விதம்

"உங்களுடைய அன்றாட வாழ்க்கை எப்படி?" என்று கேட்டால், எப்படி இருக்க வேண்டும் என்று அவர் நினைக்கிறாரோ அதைச் சொல்வார். "நேற்று விடிய எழும்பி என்ன செய்தீர்கள்?" என்று கேட்டால் நடந்ததைச் சொல்வார். நேற்று, முந்தநாள், போன வெள்ளிக்கிழமை என்று குறித்த நாட்களைக் கேட்டு, நாலைந்து நாட்களின் விவரம் சேர்ந்தபின் எது வழக்கம், எது விலக்கு என்பதை நீங்களே முடிவு செய்யலாம். அவர் சொன்ன நேரங்களை வீட்டிலுள்ள இன்னொருவரிடமும் கேட்டு ஒப்பிடுங்கள். இவர் நாலரை மணிக்கு எழும்புவதாகச் சொன்னார். பேத்தியிடம் கேட்டபோது, நாலரைக்கு எழும்புவது அம்மம்மா என்றும், அம்மப்பா தேத்தண்ணியின் மணம் வந்தபின்தான் எழும்புவார் என்றும் சொன்னாள். இரண்டையும் எழுதினேன்.

பழைய காலத்தைக் கேட்கும்போது ஆண்டுகளைக் கேட்டுச் சங்கடப்படுத்த வேண்டாம். இங்குள்ள முதியவர்கள் காலத்தை அளக்க வேறு முளைகள் அடித்து வைத்திருக்கிறார்கள். 1978 நவம்பர் 23 இல் அடித்த சூறாவளிக்கு முன்னா பின்னா, 1990 இடப்பெயர்வுக்கு முன்னா பின்னா, 2004 சுனாமிக்கு முன்னா பின்னா, 2007 இல் போரால் படுவான்கரை மக்கள் முகாம்களுக்குப் போனதற்கு முன்னா பின்னா என்று கேட்டால் ஆண்டு தானாகவே வந்து பொருந்தும். ஆனால் இவை ஒவ்வொன்றும் இழப்பின் பெயர்களும்கூட என்பதை மறக்கக் கூடாது. இவர் தன் தகப்பன் கையால் எழுதிய கூத்துக் கொப்பி ஒன்றை அந்த ஓட்டங்களில் ஒன்றில் தொலைத்திருந்தார். அதைப் பற்றி இரண்டு வசனம் சொன்னவர், எழும்பி மாட்டைப் பார்க்கப் போய்விட்டார். நான் பின்னால் போகவில்லை. இப்படியான இடத்தில் கொப்பியை மூடிவிட்டு இருப்பதுதான் முறை. சொல்ல வேண்டுமென்று தோன்றினால் அவர்களே சொல்வார்கள். சாராயம், கடன், நோய் ஆகியவை கண்ணில் பட்டாலும், அவர்களாக எழுதச் சொன்னால் ஒழிய எழுதாதீர்கள்.

சாப்பாட்டை எழுதுவது

இந்தப் பகுதியில்தான் எழுதுபவர்கள் பெரும்பாலும் ஏமாறுகிறார்கள். நானும் ஏமாந்தேன். முதல்நாள் எனக்குப் பரிமாறியவை முருங்கைக்காய் போட்ட இறால் கறி, ஊர்க்கோழி, கீரைச் சுண்டல், கடைசியில் சட்டித் தயிரும் பாணியும். அவரும் என்னோடு உட்கார்ந்து சாப்பிட்டார். "இறாலும் எருமைத் தயிரும் அண்ணாவியாருக்கு விருப்பமானவை" என்று அன்றிரவே எழுதிவிட்டேன். அது அவருடைய சாப்பாடே அல்ல. எனக்காகச் சமைத்த சாப்பாடு. மட்டக்களப்பில் விருந்தாளிக்கு வைக்கும் சாப்பாட்டைக் கொண்டு ஒரு வீட்டின் வழக்கத்தைக் கணிக்க முடியாது. அதற்காக அந்தச் சாப்பாட்டை வேண்டாமென்று மறுப்பதும் தகாது. முதல்நாள் விருந்தைச் சாப்பிடுங்கள், அதை விருந்து என்றே குறித்துக்கொள்ளுங்கள், மூன்றாவது தடவையும் போங்கள். மூன்றாவது தடவையில் உங்களுக்காகக் கோழி அடிக்க மாட்டார்கள்; அந்த வீட்டின் உண்மையான அடுப்பு அன்றைக்குத்தான் தெரியும்.

மூன்றாவது தடவை காலை ஆறரை மணிக்கு அவர் குசினிப் படியில் குந்தியிருந்தார். அம்மா இரவு தண்ணீர் ஊற்றி வைத்திருந்த பழஞ்சோற்றை ஒரு மண்சட்டிக்குள் எடுத்து, சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் வெட்டிப் போட்டு, உப்பும் தேங்காய்ப் பாலும் விட்டு, தேசிக்காய்ப் புளி சேர்த்துக் கையாலேயே பிசைந்தார். தணலில் சுட்ட கருவாட்டுத் துண்டு ஒன்று பக்கத்தில் இருந்தது. அவர் வலக்கையால் அள்ளிச் சாப்பிடும்போது, இடக்கையின் மூன்று விரல்கள் படியின் சீமெந்தில் மெல்லத் தட்டிக்கொண்டிருந்தன. வாசலில் அவருடைய மகன் நாலைந்து பொடியன்களுக்கு, பாத்திரம் களரிக்குள் வரும்போது ஆடும் வரவு ஆட்டத்தின் அடிகளைச் சொல்லிக்கொண்டிருந்தார். குசினிப் பக்கத்திலிருந்து பார்த்தால் வாசல் தெரியாது. திடீரென்று தட்டுவது நின்றது. "கடைசியில நிக்கிறவன் பிந்துறான்" என்று கவளத்தை விழுங்காமலேயே சத்தம் போட்டார். பிறகு மறுபடி விரல்கள் தட்டத் தொடங்கின. இதுதான் உங்களுக்கு மிகவும் பிடித்த சாப்பாடா என்று கேட்டேன். "பிடிக்கும் எண்டு சாப்பிடுறதில்ல மனே. இது இல்லாட்டி எனக்கு விடியிற இல்ல" என்றார்.

இப்படிக் கிடைக்கும் ஒன்றை எழுதும்போது சாப்பாட்டின் பெயரோடு நிறுத்திவிடாதீர்கள். எத்தனை மணிக்கு, எந்த இடத்தில், எந்தப் பாத்திரத்தில், யார் கையால், எதற்கு முன், எதற்குப் பின் என்பவையும் சேர வேண்டும். கூத்து இரவுகளின் சாப்பாட்டைத் தனியாகக் கேட்டு எழுதுங்கள். மத்தளத்தைக் கட்டிக்கொண்டு களரியில் விடியும்வரை நின்று பாடவும் அடிக்கவும் வேண்டிய இவர், அன்று பொழுது சாயும்போதே கொஞ்சம் சோறும் இரசமும் சாப்பிட்டு முடித்துவிடுவார். தயிர், வாழைப்பழம் இரண்டையும் தொண்டை கட்டும் என்று தொடமாட்டார். கொத்தமல்லியும் வேர்க்கொம்பும் (சுக்கும்) அவித்த தண்ணீர் ஒரு பிளாஸ்க்கில் சல்லாரி (கைத்தாளம்) போடுபவரின் பக்கத்தில் இருக்கும். கூத்து முடிந்து வீட்டுக்கு வந்தபின் சுடச்சுடப் பிட்டு. இது இவருடைய வழக்கம். எல்லா அண்ணாவியார்களும் இப்படித்தான் என்று எழுத உங்களுக்கு உரிமையில்லை. இன்னொருவர் தயிர்ச்சோறு சாப்பிட்டுவிட்டே விடியும்வரை பாடக்கூடும்.

சமையல் குறிப்பு எழுதுவதானால் கேட்டு எழுதாமல் பார்த்து எழுதுங்கள். "எவ்வளவு மிளகாய்த்தூள்?" என்று கேட்டால் "அளவாக" என்றுதான் விடை வரும். சிறிய தராசு ஒன்றைக் கொண்டுபோய், அம்மாவின் கை சட்டிக்குப் போகும் வழியில் ஒரு கோப்பையை நீட்டி நிறுத்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கலாம். முதலில் சிரிப்பார்கள், பிறகு பழகிவிடும். அரிசியைச் சுண்டுக் கணக்கில் சொன்னால் அதை அப்படியே எழுதுங்கள், நாலு சுண்டு ஒரு கொத்து என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், பிறகு கிராமில் நிறுத்து அருகே குறியுங்கள். வரிசையும் முக்கியம். இறால் கறியில் இறாலும் முருங்கைக்காயும் இரண்டாம் பாலில் வேகின்றன. முதல் பால் கடைசியில்தான் சேருகிறது, அதன்பின் கறி ஒரு கொதி வந்ததும் சட்டி இறங்குகிறது. முதல் பாலைத் தொடக்கத்திலேயே விட்டுக் கொதிக்கவைத்தால் திரைந்துபோகும். இதைச் சொல்லாமல் பொருட்களை மட்டும் எழுதிய குறிப்பை வைத்துக்கொண்டு ஒருவராலும் அந்தக் கறியை வைக்க முடியாது.

ஒலிப்பதிவும் சம்மதமும்

கைத்தொலைபேசியே போதும். அழைப்பு வந்து பதிவை அறுக்காதபடி விமானப் பயண நிலையில் போட்டுவிடுங்கள். பேசும்போது கைக்கெட்டும் தூரத்திலும், மத்தளம் அடிக்கும்போது நாலைந்து அடி எட்டவும் வையுங்கள். மடியிலேயே வைத்திருந்து பதிந்த என் முதல் மத்தளப் பதிவில் இரைச்சலைத் தவிர வேறொன்றும் கேட்காது. மின்விசிறிக்குக் கீழே உட்கார வேண்டாம். பதிந்ததை அன்றிரவே இன்னோர் இடத்தில் பிரதி எடுத்து, நாளையும் இடத்தையும் கோப்பின் பெயராக இடுங்கள்.

குசினியைப் படமெடுக்க அண்ணாவியாரிடம் சம்மதம் கேட்டுப் பயனில்லை. அது அவருடைய ஆட்சிக்குட்பட்ட இடமல்ல. பிள்ளைகளின் முகம் தெரியும் படங்களைத் தவிர்த்துவிடுங்கள். பெயர் போட வேண்டுமா, ஊர் போட வேண்டுமா என்பதை முதல்நாள் ஒருமுறையும், எழுதி முடித்தபின் ஒருமுறையும் கேளுங்கள். முதல்நாள் சரி என்றவர்கள், எழுதப்பட்டிருப்பதைக் கேட்டபின் வேண்டாமென்று சொல்லலாம். எனக்கு அப்படித்தான் நடந்தது.

எழுதியதை வெளியிடுவதற்கு முன் அச்செடுத்துக் கொண்டுபோய் வீட்டில் எல்லோரும் இருக்கும்போது சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். வட்ஸ்அப்பில் அனுப்பினால் மகனோ பேரனோ "நல்லா இருக்கு" என்று பதில் போடுவதோடு முடிந்துவிடும். வாசிக்கும்போது அவர்கள் எங்கே சிரிக்கிறார்கள், எங்கே ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள் என்பதைக் கவனித்து, அந்த இடங்களைப் பென்சிலால் குறித்துக்கொண்டு பிறகு கேளுங்கள். நான் வாசித்தபோது அண்ணாவியார் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார், மத்தளம் இடம் மாறிய பகுதி வந்தபோது மட்டும் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அந்த அம்மா கடைசிவரை பேசாமல் இருந்துவிட்டு, இறால் கறிக் குறிப்பை மறுபடி வாசிக்கச் சொன்னார். அரைக் கிலோ இறாலுக்கு ஒரு தேங்காய் என்று நான் எழுதியிருந்தேன்.

"அரைத் தேங்காய் தம்பி. மத்தப் பாதி பிட்டுக்குப் போன. நீங்க அப்ப கிணத்தடியில நிண்டீங்க."